வாய்க்காலை மறித்துவிட்டார்கள்: ஊர்ப் பேச்சா, மனுவா, கோட்டாட்சியரா, கோர்ட்டா?

மார்கழி பிறந்து சம்பா பொதி கட்டும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. தலைமடைக்காரர் ராத்திரியோடு ராத்திரியாக மணல்மூட்டையும் வாழைத்தண்டும் போட்டு வாய்க்காலை மறித்துவிட்டார். கீழே வயல் வெடிக்கத் தொடங்கிவிட்டது. ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்: கலெக்டரிடம் மனு கொடு, ஸ்டேஷனுக்குப் போ, வக்கீலைப் பார், பேசாமல் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுக்கொள்.

இவற்றில் எதுவுமே எல்லோருக்கும் சரியான வழி இல்லை. எந்த வழி என்பதை இரண்டு விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன: அந்த வாய்க்கால் யாருடையது, மறித்து எவ்வளவு நாள் ஆயிற்று. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை. பல வழிகளுக்கு ஒரு கெடு உண்டு, கெடு தாண்டினால் அந்த வழி மூடிக்கொள்ளும். தமிழ்நாட்டு நிலைமையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## வாய்க்கால் யாருடையது?

கிராம நிர்வாக அலுவலரிடமோ இணையத்திலோ உங்கள் புல எண்ணுக்கும் மேலே உள்ள புல எண்களுக்கும் புல வரைபடம் வாங்குங்கள். வாய்க்கால் தனிப் புல எண்ணோடு ஓடுகிறதா, இல்லை ஒருவருடைய பட்டா எண்ணுக்குள்ளேயே ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு அதே எண்ணை ‘அ’ பதிவேட்டில் (எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் கிராமக் கணக்கு) தேடுங்கள். ‘வாய்க்கால், அரசு புறம்போக்கு’ என்று இருந்தால் ஒரு கதை. பட்டாதாரர் பெயரில் இருந்தால் முற்றிலும் வேறு கதை.

அரசு வாய்க்கால் என்றால் தண்ணீரைப் பங்கிடும் அதிகாரம் அரசுக்கு. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (பிறர் நிலத்தின் வழியே தண்ணீர் கொண்டுபோவது போன்ற உரிமைகளைப் பற்றிய சட்டம்) 2-வது பிரிவே அதைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. ஆயக்கட்டு (அந்தப் பாசனத்தில் பாயும் நிலப்பரப்பு) விவசாயிக்கு உள்ளது, வழக்கமாகக் கிடைத்த அளவு தண்ணீரைப் பெறும் உரிமை. எந்த மதகு வழியாக, எந்த முறையில் விடுவது என்பதை அரசு மாற்றலாம், ஆனால் வழக்கமான அளவை வெட்டக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எடுத்துவரும் நிலை இதுதான். ஆகவே இங்கே முதலில் தட்ட வேண்டியது அதிகாரிகளின் கதவை.

பட்டா நிலத்துக்குள் ஓடும் கொப்பு வாய்க்கால் (சிறு கிளை வாய்க்கால்) என்றால் அது இரண்டு தனியாருக்கு இடையிலான விவகாரம். அங்கே உங்களுக்கு இருக்கக்கூடிய உரிமை வசதியுரிமை. அதாவது 20 ஆண்டுகளாக வெளிப்படையாக, சண்டை சச்சரவின்றி, இடைவிடாமல், உரிமையாக அந்த வழியில் தண்ணீர் பாய்ச்சி வந்திருக்க வேண்டும். அரசு நிலத்தின் மீது இதே உரிமையைக் கோரினால் 30 ஆண்டு. இதைத் தீர்த்து வைக்கும் இடம் கடைசியில் சிவில் கோர்ட்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வேகம். நெல் பொதி கட்டும் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் தண்ணீர் இல்லையென்றால் பதர்தான் மிஞ்சும். பத்து நாள் கழித்து வரும் நல்ல தீர்ப்பைவிட மூன்றாம் நாள் வரும் பாதித் தண்ணீர் மேல். இரண்டாவது, கிடைக்கும் முடிவு அடுத்த பட்டத்திலும் நிற்குமா என்பது. மூன்றாவது செலவு. கட்டணமும் வக்கீல் பீஸும் கண்ணுக்குத் தெரிந்தவை. அலைச்சல், எதிர் வழக்கு, கோர்ட்டுக்குப் போகும் நாளில் விட்டுப்போகும் வேலை ஆகியவை தெரியாதவை. நான்காவது, அதே வரப்பில் அதே மனிதரோடு இன்னும் முப்பது வருடம் பிழைக்க வேண்டும் என்பது. வக்கீல்கள் இந்த நான்காவதைக் கேட்பதில்லை. நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

## ஊர்ப் பேச்சும் முறைத் தண்ணீரும்

வேகத்தில் இதற்கு இணை கிடையாது. சாயங்காலம் பேசினால் விடியற்காலை தண்ணீர் வரும். நீர்க்கட்டி (வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் பங்கிடும் ஊர் ஆள்) இன்னும் வேலை பார்க்கும் ஊராக இருந்தால் இன்னும் நல்லது. யார் வயலுக்கு எத்தனை நாழிகை, எந்த மடை முதலில், பற்றாக்குறை வந்தால் கடைமடைக்கு எத்தனை நாள் என்று அவருக்கு மனப்பாடம். சில பழைய அணைக்கட்டுப் பாசனங்களில் இந்த வழக்கங்கள் மாமூல்நாமா என்ற பெயரில் எழுத்திலேயே இருக்கின்றன.

இதில் ஒளிந்திருக்கும் செலவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேச்சு முடிந்ததும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். பெரும்பாலும் என்ன எழுதுவார்கள்? “மேற்படியார் தன் நிலத்தின் வழியாகத் தண்ணீர் கொண்டுபோக மனமுவந்து அனுமதிக்கிறார்.” நல்ல மனதோடு எழுதிய வரிதான். ஆனால் பின்னால் கோர்ட்டுக்குப் போனால் அந்த ஒரு வரியே உங்களைக் கவிழ்த்துவிடும். வசதியுரிமை என்பது அனுமதியின் பேரில் அனுபவித்தால் வராது, உரிமையாக அனுபவித்தால்தான் வரும். அனுமதி என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்பா காலத்திலிருந்து பாய்ச்சிய நாற்பது வருடத்தையும் எதிர்த்தரப்பு அனுமதிக் கணக்கில் சேர்த்துவிடும்.

அதனால் தாளில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: “இன்ன புல எண் வழியாக இன்ன புல எண்ணுக்கு இன்ன ஆண்டு முதல் வழக்கமாகத் தண்ணீர் பாய்ந்து வருகிறது. அந்த வழக்கப்படியே தொடர்ந்து பாயும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கிறோம்.” புதிதாக ஓர் உரிமையைக் கொடுப்பதாக இருந்தால் வெள்ளைத்தாள் போதாது, 1908-ம் ஆண்டு பதிவுச் சட்டப்படி பத்திரமாகப் பதிவு செய்ய வேண்டும். மடை இருக்கும் இடத்தைப் புல வரைபட நகலில் குறித்து அதிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டால் பிறகு ‘அந்த மடை இல்லை, இந்த மடை’ என்ற பேச்சு வராது.

எல்லா ஊரிலும் எல்லோருக்கும் இந்த வழி திறந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊர்க் கூட்டத்தில் உங்கள் தெருக்காரருக்கு நாற்காலியே போடாத ஊரில், தண்ணீர் நியாயம் மட்டும் நேராகக் கிடைத்துவிடாது. ஊர் அபராதம் போடுவதும் ஒதுக்கி வைப்பதும் சட்டத்தில் நிற்காதவை. பட்டியல் சாதி, பழங்குடி விவசாயிகளின் பாசன உரிமையில் அச்சமூகங்களைச் சேராதவர்கள் தலையிட்டால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாகவே சொல்கிறது. 3(1)(ஜி) பிரிவில் தண்ணீர், பாசன வசதி என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் ஊர்ப் பேச்சில் பட்டத்தைக் கழிக்க வேண்டியதில்லை.

## பாசன சங்கம், பொறியாளர், கலெக்டர் மனு

அரசு வாய்க்கால், அரசு ஏரி என்றால் முதல் மனு இங்கேதான். 2000-ம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தின்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் உயிரோடு இருந்தால் அதில் தொடங்குங்கள். சங்கத் தலைவரும் அதே வாய்க்காலில் பாய்ச்சுபவர், பொறியாளருக்குத் தெரியாத சந்து பொந்தெல்லாம் அவருக்குத் தெரியும். அவரே தலைமடைக்காரராக இருந்தால் அதுவே இந்த வழியின் பெரிய கோளாறு.

அடுத்தது நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரி என்றால் அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. இதை மாற்றிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். வாய்க்காலையே மூடி வயலாக்கிவிட்டார்கள், கட்டடம் கட்டிவிட்டார்கள் என்றால் அது ஆக்கிரமிப்பு. 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம். பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டிலிருந்த ஏரிகளுக்கு 2007-ல் வந்த தனிச் சட்டமும் இருக்கிறது.

கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தைத் திங்கட்கிழமை மனுவைவிட நான் மேலாக நினைக்கிறேன். அங்கே பொறியாளர், வேளாண் அதிகாரி, வருவாய்த் துறை எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்து எழுந்து கேட்டால் பதில் சொல்லாமல் நகர முடியாது.

செலவு என்று பார்த்தால் மனுவுக்குக் காசு இல்லை. மறைமுகச் செலவு வேறு. மேலே கொடுத்த மனு படிப்படியாக இறங்கி, நீங்கள் முதலில் பேசிப் பார்த்த அதே கிராம நிர்வாக அலுவலரின் மேசைக்கே வரும். பொறியாளர் வந்து அடைப்பை எடுத்துவிட்டுப் போனபின் ராத்திரி மறுபடி அடைத்தால், மறுபடி மனு. கரையைச் சுற்றிப் பார்க்க லஸ்கர் (துறையின் வாய்க்கால் காவல் ஊழியர்) இல்லாத வாய்க்கால்கள் ஏராளம். இருந்தாலும் மனு ரசீதை எறியாதீர்கள். இன்ன தேதியில் எதிர்ப்புத் தெரிவித்தேன் என்பதற்கு அது சாட்சி. இது எவ்வளவு முக்கியம் என்பது கோர்ட் பகுதியில் தெரியும்.

## கோட்டாட்சியர்: பலருக்குத் தெரியாத வழி

தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை பற்றிய தகராறில் அடிதடி வரும் போலிருந்தால், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) நிர்வாக நடுவர் என்ற முறையில் விசாரித்து உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 147-வது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா) 166-வது பிரிவு. இரு தரப்பையும் எழுத்தில் விளக்கம் கேட்டு, சாட்சி பார்த்து, ‘இவர் பாய்ச்சுவதைத் தடுக்கக் கூடாது, அடைப்பை அகற்று’ என்று உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

கெடு மட்டும் மிகக் குறுகியது. பருவத்தில் மட்டும் பாயும் வாய்க்கால் என்றால், கடந்த பருவத்தில் நீங்கள் அந்த உரிமையை அனுபவித்திருக்க வேண்டும். வருடம் முழுவதும் பாய்வது என்றால் கடைசி மூன்று மாதத்துக்குள். போன பட்டம் மறித்தார்கள், சரி போகட்டும் என்று விட்டுவிட்டு இந்தப் பட்டம் வந்து கேட்டால் கோட்டாட்சியர் கையை விரிக்க வேண்டியதுதான். முதல்முறை மறித்த அதே பட்டத்தில் போனால் அரிவாள், கடப்பாரை வெளியே வருவதற்கு முன்பே காரியம் முடியலாம். சொத்துரிமையை இங்கே யாரும் தீர்மானிக்கப் போவதில்லை, அமைதியைக் காப்பதுதான் நோக்கம். சிவில் கோர்ட் வேறு விதமாகச் சொன்னால் அதுவே செல்லும்.

## போலீஸ்

விவசாயத்துக்கான தண்ணீரைக் குறையச் செய்யும் நாசவேலை, பாரதிய நியாய சன்ஹிதாவின் 326(ஏ) பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 430-வது பிரிவுதான் இது. மதகை உடைத்தார்கள், ஷட்டரைக் கழற்றினார்கள், கரையை வெட்டினார்கள் என்று கண்ணுக்குத் தெரியும் சேதம் இருந்தால் தயங்காமல் போங்கள். போட்டோ, தேதி, பார்த்தவர் பெயர் கையில் இருக்கட்டும்.

வெறும் அடைப்பு, முறை மீறல் என்றால் ஸ்டேஷனில் ‘சிவில் மேட்டர்’ என்று சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான சீட்டு) கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எதிர்த்தரப்பு ஓர் எதிர்ப்புகார் கொடுக்கும். அதிலே உங்கள் மகன் பெயரும் இருக்கும். வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளைகள் உள்ள வீடு இதை யோசித்துத்தான் அடி எடுத்து வைக்க வேண்டும்.

ஆத்திரத்தில் நாமே போய் அடைப்பை உடைப்பது பற்றி ஒரு வார்த்தை. வசதியுரிமைச் சட்டத்தின் 36-வது பிரிவு, தடையை உரிமைக்காரர் தானே அகற்றக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அன்றைக்குக் கடப்பாரை எடுத்தவர் நீங்கள் என்றால் வழக்கு உங்கள் மேல்தான் பாயும்.

## சிவில் கோர்ட்

நிலைத்து நிற்கும் முடிவு வேண்டுமென்றால் இதுதான். பட்டா நிலத்து வாய்க்கால் என்றால் கடைசியில் வேறு வழியும் இல்லை. உரிமை விளம்புகை (உரிமை உங்களுடையது என்று கோர்ட் அறிவிப்பது), இனித் தடுக்கக் கூடாது என்ற நிரந்தர உறுத்துக் கட்டளை, கட்டிய சுவரை இடிக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை மூன்றையும் சேர்த்துக் கேட்கலாம். வழக்கு முடியும்வரை பயிரைக் காக்க இடைக்காலத் தடையும் உண்டு.

கெடு இரண்டு. வழக்கு போடும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் வந்து முடிகிற 20 ஆண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும். தண்ணீர் நின்று மூன்று வருடம் கழித்துப் போனால், அதற்கு முன் அறுபது வருடம் பாய்ச்சியிருந்தாலும் இந்த வழியில் உரிமை கேட்பது கஷ்டம். அடுத்து, தடை என்று தெரிந்த பிறகு ஒரு வருடம் பேசாமல் பொறுத்துக்கொண்டால், இடைவிடாத அனுபவம் அறுந்துபோனதாகிவிடும். நடுவில் எதிர்ப்பு தெரிவித்த மனு ரசீது, வக்கீல் நோட்டீஸ் இருந்தால் பொறுத்துக்கொண்டதாகச் சொல்ல முடியாது. முன்னே சொன்ன ரசீதின் மதிப்பு இதுதான்.

சாட்சியத்தில் என்னைக் கேட்டால் அடங்கல்தான் (கிராம நிர்வாக அலுவலர் எழுதும் சாகுபடிக் கணக்கு) ராஜா. ஒவ்வொரு பசலிக்கும் (வருவாய்த் துறை கணக்கு ஆண்டு) என்ன பயிர், எந்தப் பாசன ஆதாரம் என்று அதில் இருக்கும். இருபது பசலி அடங்கல் நகலை வரிசையாக வைத்தால் பத்து வாய்மொழிச் சாட்சிக்குச் சமம். அப்புறம் கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனர். அவர் வந்து வாய்க்காலின் அகலம், ஆழம், அடைப்பு இருக்கும் இடம் எல்லாவற்றையும் சர்வேயரை வைத்து அளந்து வரைபடத்தோடு அறிக்கை கொடுப்பார். சித்திரையில் காய்ந்து புல் மண்டிக் கிடக்கும்போது அவரை வரவழைத்தால் ‘வாய்க்கால் பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. தண்ணீர் ஓடும் நாளில், அல்லது கரை ஈரம் காயாத நாளில் வரும்படி மனுப் போடச் சொல்லுங்கள்.

செலவு பெரியது. வருடக்கணக்கில் வாய்தா, மேல்முறையீடு. அரசையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டியிருந்தால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவுப்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் கோர்ட்டின் அனுமதி பெற்று அதைத் தாண்டலாம். நடுவிலே சமாதானம் கூடிவந்தால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடித்துக்கொள்ளுங்கள். அந்த முடிவு கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். வழக்கே போடாமலும் அங்கே போகலாம். ஊர்ப் பேச்சின் இணக்கமும் கோர்ட்டின் உறுதியும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் அது என்பதால் பட்டா வாய்க்கால்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

உயர் நீதிமன்ற ரிட், அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்னும்போது மட்டும் உதவும். ‘மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடு’ என்ற உத்தரவே பெரும்பாலும் கிடைக்கும். அரசு வாய்க்கால் ஆக்கிரமிப்புக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். தனியார் தகராறுக்கு அங்கே போவது வீண்.

## போர் போட்டு ஒதுங்கிக்கொள்வது

சண்டையே வேண்டாம் என்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் கணக்கும் சரியாகத்தான் தெரியும். இணைப்புக்குக் காத்திருக்கும் காலத்தையும், ஆழத்தில் தண்ணீர் கிடைக்காமல் போகக்கூடிய அபாயத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. போர் வந்த வருடத்திலிருந்து அடங்கலில் உங்கள் பாசன ஆதாரம் கிணறு, ஆழ்துளைக் கிணறு என்று மாறிவிடலாம். வாய்க்கால் தூர்ந்து, இருபது வருடம் பயன்படுத்தாமலே போனால் வசதியுரிமை முழுதாக அழிந்துவிடும். அப்படியே போர் போட்டாலும், வருடத்தில் சில நாளாவது வாய்க்காலிலும் பாய்ச்சுங்கள். அடங்கலில் இரண்டு ஆதாரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | வேகம் | நிலைப்பு | கெடு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| ஊர்ப் பேச்சு | ஓரிரு நாள் | எழுதிய வாசகத்தைப் பொறுத்தது | இல்லை | பேச்சு மதிக்கப்படும் ஊர், பயிர் நிற்கும் நேரம் |
| சங்கம், மனு | நாள் முதல் மாதம் வரை | மறுபடி அடைக்கலாம் | சீக்கிரம் கொடுத்தால் நல்லது | அரசு வாய்க்கால், பலர் சேர்ந்து பாதிப்பு |
| கோட்டாட்சியர் | வாரங்கள் | சிவில் தீர்ப்பு வரும்வரை | கடந்த பருவம் அல்லது 3 மாதம் | முதல்முறை மறிப்பு, அடிதடி அபாயம் |
| போலீஸ் | உடனே, நடவடிக்கை எடுத்தால் | உரிமையைத் தீர்க்காது | உடனே | மதகு, கரை சேதம் |
| சிவில் கோர்ட் | இடைக்காலத் தடை வாரங்களில், தீர்ப்பு ஆண்டுகளில் | உறுதி | 2 ஆண்டு | பட்டா நிலத்து வாய்க்கால் |
| போர் | மாதங்கள் | நிலத்தடி நீர் உள்ளவரை | – | ஊற்று நன்றாக உள்ள இடம் |

ஒரே ஒரு வழியைத்தான் பிடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இன்றைக்கு மறித்தார்கள் என்றால் இன்றே எதிர்ப்பு மனு, நாளை ஊர்ப் பேச்சு, பேச்சு முறிந்தால் அந்த வாரமே கோட்டாட்சியர், பட்டா வாய்க்கால் என்றால் அறுவடைக்குள் வக்கீல் நோட்டீஸ். பயிரைக் காப்பது முன்னவற்றின் வேலை, உரிமையைக் காப்பது கடைசியின் வேலை.

## இரண்டு ஆயக்கட்டுகளுக்கு இடையே வந்தால்

தகராறு இரண்டு வயலுக்கு இடையே இல்லாமல் இரண்டு பாசனங்களுக்கு இடையே வந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும். பவானி ஆற்றைப் பாருங்கள். காலிங்கராயன், தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களெல்லாம் அணைக்கு நூற்றாண்டுகள் முன்பே பாய்ந்தவை. காலிங்கராயன் 13-ம் நூற்றாண்டு வாய்க்கால். பவானிசாகர் அணை 1955-ல் முடிந்து கீழ்பவானிப் பாசனம் வந்தது. அதன் ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் இல்லாததால் 1,03,500 ஏக்கராக இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுகிறார்கள். வறட்சி வருடத்தில் பழைய ஆயக்கட்டுக்கு முதலா, புதிய ஆயக்கட்டுக்குப் பங்கா என்ற சண்டையைத் தனி ஆள் முன்சீப் கோர்ட்டில் தீர்க்க முடியாது. அங்கே அரசாணையும் ஆயக்கட்டுப் பதிவேடும்தான் பேசும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் அவற்றின் நகலைத் தர வேண்டும். கேட்பதற்கு ஏற்ற காலம் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் கோடை. பொறியாளருக்கும் அப்போதுதான் கோப்பைத் தேடி எடுக்க நேரம் இருக்கும், உங்களுக்கும் மதகின் அளவைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு டேப்பால் அளந்து பார்க்க முடியும்.